எட்டு மேசை இத்தாலியன் கடைக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப்போகும் தம்பிக்கு

தம்பி கேட்டதைச் சுருக்கி முதலில் வைத்துவிடுகிறேன். பாலக்காடு டவுனில் ஒரு பழைய ஓட்டு வீட்டைச் சரிசெய்து, எட்டே மேசை போட்டு, கணவனும் மனைவியுமாக இத்தாலியன் கடை ஒன்று திறந்திருக்கிறார்கள். அப்பா அம்மாவின் முப்பதாவது கல்யாண நாளுக்கு அங்கே போக ஆசை. அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அப்பாவுக்குச் சோறு இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை. மெனுவைப் போனில் பார்த்ததில் பாதிப் பெயர் வாயில் நுழையவில்லை. என்ன சொல்வது, எப்படிச் சாப்பிடுவது, மூன்று பேருக்கு மூவாயிரம் கொடுக்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? இதுதான் கேள்வி.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பத்தொன்பது வருஷம் அடுப்படியில் நின்றவன். அதில் ஆறு வருஷம் கப்பலில், இத்தாலிக்காரர்களுக்குக் கீழே. இப்போது தென்னந்தோப்பும் வெள்ளை ஈயுமாகப் பொழுது போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெனுவில் பதினாறு ஐட்டம்தான் இருக்கிறது என்று குறைபட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் நம்பிக்கை தருகிறது. பாஸ்தா என்பது ஆர்டர் வந்த பிறகு தனித்தனி வாணலியில் செய்வது. ஒரு சமையல்காரர், நான்கு அடுப்பு என்றால், ஒரே நேரத்தில் மூன்று நான்கு தட்டுக்கு மேல் ஒழுங்காக வராது. அந்த மாதிரி இடத்தில் அறுபது ஐட்டம் எழுதியிருந்தால் பாதி ஃப்ரீசரிலிருந்து வருகிறது என்று அர்த்தம். பதினாறு என்றால் அவர்களுக்குத் தங்கள் கை அளவு தெரிந்திருக்கிறது.

பலகையில் பிஸ்ட்ரோ என்று போட்டிருப்பதை ரொம்ப யோசிக்க வேண்டாம், அது பிரெஞ்சுச் சொல். இத்தாலியில் குடும்பமாக நடத்தும் எளிய கடை திரத்தோரியா. வைனுக்காக இருந்து பிறகு சாப்பாடும் போட ஆரம்பித்த இடம் ஒஸ்தேரியா. விரிப்பும் கோட்டுப் போட்ட சர்வரும் இருந்தால் ரிஸ்தொராந்தே. நம்ம கணக்கில் மெஸ், கள்ளுக்கடை, ஏசி ஹோட்டல். சித்தூர் தாலுக்காக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அப்புறம் வரிசை. சத்யை விருந்துக்கு இலை போட்டால் உப்பேரி முதல் ஓலன் வரை எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் இருக்கும். இத்தாலிக்காரர் சாப்பாடு அப்படி இல்லை. ஆனால் நம்ம வீட்டு இலையில் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்று வருகிறதல்லவா, அதை நினைத்துக்கொண்டால் பிடிபடும். முதலில் வாய்க்கு ருசி காட்டச் சின்னதாக ஒன்று, அது ஆன்திபாஸ்தோ. அடுத்து பிரிமோ, அதாவது பாஸ்தாவோ ரிசோத்தோவோ. அதற்கடுத்து செகோந்தோ, மீன் அல்லது கறி. அதற்குத் தொட்டுக்கொள்ளக் காய், அது கொந்தோர்னோ. கடைசியில் இனிப்பு, பிறகு காப்பி. எல்லாவற்றையும் எல்லோரும் சாப்பிட வேண்டும் என்று சட்டம் இல்லை. அங்கேயே பாதிப் பேர் இரண்டு சுற்றோடு எழுந்துவிடுவார்கள்.

நம்மவர்கள் செய்கிற ஒரே பெரிய தப்பு, உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது. சின்னக் கடையில் அத்தனையும் ஒன்றாக வந்து நிற்கும். ரொட்டியைக் கடிப்பதற்குள் பாஸ்தா ஆறிவிடும், ஆறின பாஸ்தா ஒட்டிக்கொள்ளும், அப்புறம் 'பிசினாட்டம் இருக்கு' என்று அப்பா சொல்வார், அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். முதலில் ஆன்திபாஸ்தோ ஒன்று இரண்டு மட்டும் சொல்லுங்கள். அது பாதி முடியும்போது பாஸ்தா சொல்லுங்கள். ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள் என்று முதலிலேயே சொல்லி வைத்தால் அடுப்படியில் நிற்கிறவர் உங்களை மனசுக்குள் வாழ்த்துவார். நான் நின்றவன், அதனால் தெரியும். இரண்டு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.

இனி அம்மா. இங்கேதான் கவனம் வேண்டும், ஏனென்றால் 'வெஜ்' என்று எழுதியிருப்பது அம்மாவின் சைவமாக இருக்கும் என்று உறுதி இல்லை. ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. அவர்கள் கறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதியிருப்பார்கள்.

பாலைத் திரிக்க நாம் எலுமிச்சை பிழிவோம். பார்மிஜானோ சீஸுக்குக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் போடுகிறார்கள். அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் அதைத்தான் போட வேண்டும் என்பது அங்கே விதி. பெக்கோரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டி ரென்னெட். ஆக, இறக்குமதி சீஸைத் தூவிக் கொடுத்தால் அம்மாவுக்கு அது ஆகாது. இந்தியாவில் செய்யும் சீஸ்களில் பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட்தான், பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கும். 'எந்த சீஸ் போடுகிறீர்கள், பாக்கெட்டைப் பார்க்கலாமா' என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். மொசரெல்லா, மஸ்கார்போனே எல்லாம் இப்போது நம் நாட்டிலேயே நன்றாகக் கிடைக்கின்றன. பெங்களூரில் பெனடிக்டைன் துறவிகளே இத்தாலிய முறையில் சீஸ் செய்கிறார்கள்.

அடுத்தது முட்டை. 'ஃபிரெஷ் பாஸ்தா' என்று பெருமையாக எழுதியிருந்தால் அதில் முட்டை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வட இத்தாலிக் கணக்குப்படி 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. தாலியத்தெல்லே, லசான்யா, ரவியோலி எல்லாம் அந்த ரகம். பாக்கெட்டில் வரும் காய்ந்த ஸ்பகெத்தி, பென்னே பெரும்பாலும் கெட்டிக் கோதுமையின் ரவையும் தண்ணீரும் மட்டும்தான். காய்ந்த பாஸ்தா என்றால் மட்டம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது, அது தப்பு. அது வேறு பொருள், அவ்வளவுதான். தெற்கே புலியா பக்கம் ஒரெக்கியெத்தே என்று காது மாதிரி குழித்துச் செய்வார்கள், அதில் முட்டை கிடையாது. இருந்தால் அம்மாவுக்குச் சொல்லலாம்.

சூப்பிலும் ரிசோத்தோவிலும் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீர் இருக்கலாம். பான்ன கொத்தா என்ற க்ரீம் இனிப்பில் ஜெலட்டின் இருக்கும், சில கடையில் அதற்குப் பதில் கடல்பாசி போடுவார்கள். திராமிசு என்ற காப்பி இனிப்பில் வேகாத முட்டையின் மஞ்சள் கரு. இதெல்லாம் அன்றைக்கு மேசையில் உட்கார்ந்து விசாரித்தால் அம்மாவுக்கே சங்கடமாகிவிடும், 'எனக்கு எதுக்குடா இதெல்லாம், தயிர் சோறு போதும்' என்று ஆரம்பித்துவிடுவார். முதல் நாள் நீங்கள் போன் பண்ணிக் கேட்டு முடித்துவிடுங்கள். எட்டு மேசைக் கடையின் வசதியே இதுதான், போனை எடுக்கிறவரே சமைக்கிறவராகவும் இருப்பார்.

அம்மாவுக்கு நான் சொல்வது இவ்வளவு. ஆரம்பத்தில் ப்ருஸ்கெத்தா: சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, தக்காளியும் துளசி மாதிரி இருக்கும் பேசிலும் ஆலிவ் எண்ணெயும் போட்டது. அதன்பின் அர்ராபியாத்தா பென்னே. தக்காளி, பூண்டு, மிளகாய் வற்றல், எண்ணெய். சீஸ் வேண்டாம் என்றால் ஒரு குறையும் வராது. அந்தப் பெயருக்குக் கோபக்காரி என்று அர்த்தம், காரத்துக்காக வைத்த பெயர். நம்ம நாக்குக்கு அது சிணுங்கல்தான், கூட ஒரு மிளகாய் போடச் சொல்லலாம். தக்காளியும் மிளகாயும் கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து அங்கேயும் இங்கேயும் வந்தவை. அதனால் அம்மாவுக்கு முதல் வாயிலேயே தக்காளித் தொக்கு நினைவு வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்பாவுக்கு ரிசோத்தோ. சோறுதான், ஆனால் வடிக்காத சோறு. ஆர்போரியோ, கார்னரோலி என்று குட்டையான அரிசி. வெண்ணெயில் புரட்டி, சுடச்சுடச் சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிண்டிக்கொண்டே 17, 18 நிமிஷம். அரிசியின் மேல்மாவு கரைந்து குழம்பு மாதிரி சூழ்ந்துகொள்ளும், ஆனால் பருக்கையின் நடுவில் ஒரு சின்ன அழுத்தம் மிச்சம் இருக்கும். தட்டைச் சாய்த்தால் அலை மாதிரி மெதுவாக நகர வேண்டும். கெட்டியாகக் குன்று மாதிரி நின்றால் அது பொங்கல், திருப்பி அனுப்பலாம். நம்ம பாலக்காடன் மட்டையில் இது வராது, அந்த அரிசி தனக்குள் இருக்கிற மாவை வெளியே விடாது. ஐந்தாறு நிமிஷத்தில் தட்டு வந்தால் முன்பே அரைவேக்காடாக எடுத்து வைத்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். நல்ல கடையிலும் அப்படிச் செய்வார்கள், அது குற்றம் இல்லை.

அந்த அரைவேக்காடு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாஸ்தாவை அல் தெந்தே பதத்தில்தான் இறக்குவார்கள், பல்லுக்குத் தட்டுப்படும் பதம். போன மாசம் நானும் எங்க வீட்டம்மாவும் இதே மாதிரி ஒரு சின்ன இடத்துக்குப் போயிருந்தோம். முதல் முள்கரண்டி வாயில் போட்டதும் என்னைப் பார்த்தார். 'ஏனுங்க, இது வேகலையே.' நான் ஒரு ஸ்பகெத்தியைக் கடித்து நடுவில் காட்டினேன், ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி. அதுதான் பதம் என்று பத்து நிமிஷம் பாடம் நடத்தினேன். எல்லாம் கேட்டுவிட்டு, 'சரி, இன்னும் ரெண்டு நிமிஷம் வேகவைக்கச் சொல்லுங்க' என்றார். சொன்னேன், வைத்துக் கொடுத்தார்கள், திருப்தியாகச் சாப்பிட்டார். அம்மாவும் அப்படிக் கேட்டால் நீங்கள் என்னை மாதிரிப் பாடம் நடத்தாதீர்கள்.

உங்களுக்கு என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், மெனுவில் காச்சோ எ பெப்பே இருக்கிறதா பாருங்கள். ரோமாபுரிக்காரர்களின் பாஸ்தா. பெக்கோரினோ சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், இவ்வளவுதான் சாமான். வெண்ணெய், க்ரீம் எதுவும் கிடையாது. ஒரு சமையல்காரரைப் பரீட்சை வைக்க இதைவிட லேசான வழி எனக்குத் தெரியாது, ஏனென்றால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. மிளகை இடித்து வெறும் வாணலியில் வாசம் வரும் வரை வறுத்து, பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீர் ஒரு கரண்டி விட்டு, பாஸ்தாவைப் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கி, அதற்குப் பிறகுதான் சீஸ். சூடு ஒரு மட்டத்துக்கு மேல் போனால் சீஸின் புரதம் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கஞ்சியிலுள்ள மாவுதான் அதை ஒட்டவிடாமல் பிரித்து வைக்கிறது.

கப்பலில் முதல் தடவை நான் செய்தபோது அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். வாணலியில் ஒரு பக்கம் தெளிந்த தண்ணீர், இன்னொரு பக்கம் சூயிங்கம் மாதிரி ஒரு உருண்டை. பெரிய ஷெஃப் வந்து பார்த்தார், திட்டவில்லை. அந்த உருண்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, 'இது உன் சம்பளத்திலிருந்து' என்றார். அன்று முழுக்க அது என் சட்டைப் பையில் இருந்தது. நல்ல தட்டு எப்படி இருக்கும் என்றால், சாஸ் என்று தனியாக ஒன்று தெரியாது, ஒவ்வொரு இழையிலும் பால் பூசினது மாதிரி மினுங்கும், தட்டின் அடியில் தண்ணீர் தேங்காது.

மிளகு எங்கிருந்து போனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யவனர் கப்பல் முசிறிக்குப் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது, அந்தக் கறி மிளகு. ரோமில் மிளகு சேமிக்கவே பேரரசர் தொமித்தியன் காலத்தில் கிடங்கு கட்டினார்கள். 408ல் அலாரிக் என்ற படைத்தலைவன் ரோமை முற்றுகையிட்டபோது கேட்ட கப்பத்தில் பொன், வெள்ளி, பட்டோடு 3,000 ராத்தல் மிளகும் உண்டு. கோயம்புத்தூர் பக்கம் வெள்ளலூரில் ரோமானியக் காசு புதையலாகக் கிடைத்தது. அந்தக் காலத்துச் சரக்குப் போக்குவரத்துக்கு நம்ம பாலக்காட்டுக் கணவாய்தான் வழி. அப்பாவுக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவது சுற்று வர நேரமானால் எடுத்துவிடுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், பெக்கோரினோ என்பதால் இந்தத் தட்டை அம்மாவுக்கு ருசி பார்க்கக் கொடுக்க முடியாது.

செகோந்தோவை நான் ஒன்றோடு நிறுத்துவேன், அப்பாவும் நீங்களும் பங்கிட்டுக்கொள்ள. மீன் என்றால் இன்றைக்கு எந்த மீன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பாலக்காட்டில் கடல் இல்லை, பொன்னானியோ சாவக்காடோ என்று பதில் சட்டென்று வந்தால் வாங்கலாம். யோசித்தால் கோழிக்குப் போய்விடுங்கள். இறால், கணவாய் போட்ட பாஸ்தா மேல் சீஸ் தூவிக் கேட்காதீர்கள். தருவார்கள், ஆனால் கடல் வாசத்தை சீஸ் அமுக்கிவிடும், காசு வீண்.

வேண்டாம் என்று நான் சொல்வது ஒன்று உண்டு: டிரஃபிள் என்ற காளானின் பெயரில் விற்கும் எண்ணெய். கொச்சியில் ஒரு இடத்தில் டிரஃபிள் ரிசோத்தோ என்று ஒரு தட்டுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் கொடுத்தேன், சமையலறையில் கேஸ் கசிந்தது மாதிரி வாசம். கடையில் விற்கும் டிரஃபிள் எண்ணெயில் பெரும்பாலும் அந்தக் காளான் கிடையாது, ஆய்வகத்தில் செய்த வாசனைப் பொருள்தான். அல்ஃபிரெடோ ஒயிட் சாஸ் விஷயத்தில் எனக்குச் சண்டை இல்லை, குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ரோமில் அது வெண்ணெயும் பார்மிஜானோவும் மட்டும், க்ரீம் அமெரிக்கா போன பிறகு சேர்ந்தது. பீட்சாவுக்கு அங்கே விறகு அடுப்பு இருந்தால் மார்கெரித்தா ஒன்று நடுவில் வைத்துக்கொள்ளலாம். நேப்பிள்ஸ் பீட்சா 430 டிகிரிக்கு மேல் சூட்டில் 60 முதல் 90 வினாடியில் வேகிறது, ஓரத்தில் தோசைக்கல் கருகல் மாதிரிப் புள்ளி விழும். சாதாரண கரண்ட் அடுப்பில் அந்தச் சூடு கிடையாது.

எப்படிச் சாப்பிடுவது என்று பயப்பட ஒன்றுமில்லை. ஸ்பகெத்தியை நாலைந்து இழை மட்டும் முள்கரண்டியில் பிடித்துத் தட்டின் ஓரத்தில் சுற்றுங்கள். குவியலின் நடுவில் குத்தினால் முழுத் தட்டும் உருண்டு வரும். அப்பாவுக்குக் கஷ்டம் என்றால் பென்னே சொல்லிவிடுங்கள். தட்டில் மிஞ்சிய சாஸை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிடுவதற்கு அங்கே ஒரு தனிப்பெயரே உண்டு, ஸ்கார்பெத்தா. வீட்டுப் பழக்கம்தான், பெரிய விருந்தில் செய்ய மாட்டார்கள். எட்டு மேசைக் கடையில் தாராளமாகச் செய்யலாம். வழித்த தட்டு உள்ளே திரும்பி வருவதை விட எங்களுக்கு வேறு பாராட்டு கிடையாது.

காசு விஷயம். நியாயமான கேள்வி. மாவும் தக்காளியும்தானே என்று தோன்றும். வேலந்தாவளம் மார்க்கெட் தக்காளி லாரியில் நசுங்காமல் போகிற கெட்டித் தோல் ரகம், நீர் அதிகம், இனிப்புக் குறைவு. அதனால் பலர் இத்தாலி டின் தக்காளி வாங்குகிறார்கள். ஆலிவ் எண்ணெய், அரிசி, சீஸ் எல்லாம் கப்பலில் வருவது. அதோடு ஒரு ராத்திரிக்கு ஒரு மேசையில் ஒரு குடும்பம், மிஞ்சினால் இரண்டு குடும்பம். அந்தக் கணக்கில் மூவாயிரம் கொள்ளை இல்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு நீங்கள் வாங்குவது அளவை அல்ல, அதை வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போங்கள். காய்ந்த பாஸ்தா ஒரு ஆளுக்கு 80 முதல் 100 கிராம்தான் போடுவார்கள். பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதம் இருக்கும். சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்த்திருந்தால் அது கட்டாயம் இல்லை, 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. சர்வருக்குத் தர விரும்பினால் கையில் கொடுங்கள். வைன் அங்கே இல்லை என்றால் கொண்டுவரலாமா என்று கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

கடைசியில் இனிப்பு. அம்மாவுக்கு திராமிசு வேண்டாம் என்று சொன்னேன். முட்டை இல்லாத வனிலா ஐஸ்க்ரீம் என்று கேட்டு உறுதி செய்துகொண்டு அஃபொகாத்தோ சொல்லுங்கள். ஐஸ்க்ரீம் உருண்டை மேல் சூடான எஸ்பிரெசோவை மேசையிலேயே ஊற்றுவார்கள், ஊற்றின உடனே சாப்பிட வேண்டும். அப்பாவுக்குத் தனி எஸ்பிரெசோ சொன்னால், அந்த இரண்டு மடக்கு டம்ளரைப் பார்த்துவிட்டு இது டிகாக்ஷன், பால் எங்கே என்று கேட்பார். சாப்பாட்டுக்குப் பிறகு இத்தாலிக்காரர் பால் காப்பி குடிக்க மாட்டார். அதற்காக அப்பா ஏன் குடிக்காமல் இருக்க வேண்டும், பால் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.